தூக்கு வழக்கின் கட்டு: மேல்முறையீட்டு வழக்கறிஞர் எதைப் படிக்கிறார்?

2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தூக்குத் தண்டனைக் கைதியை விடுதலை செய்தது. 2017இல் சென்னையை ஒட்டிய முகலிவாக்கத்தில் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கு அது. செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் மரண தண்டனை விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஏழு ஆண்டுகள் கழித்து அரசுத் தரப்பு வழக்கு நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்ததும், கோவையிலும் ஈரோட்டிலும் டீக்கடைப் பெஞ்சுகளில் எழுந்த கேள்வி ஒன்றேதான்: இப்படிப்பட்டவனுக்கு வாதாட ஒரு வக்கீல் எப்படிக் கிடைத்தார்?

கொங்கு நாட்டில் அந்தக் கேள்விக்குத் தனிச் சூடு உண்டு. 2010 அக்டோபர் 29 அன்று, கோவையில் பள்ளிக்குக் கிளம்பிய அக்காளும் தம்பியும் வேனில் கடத்தப்பட்டு, பிஏபி (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்ட) வாய்க்காலில் தள்ளிக் கொல்லப்பட்டார்கள். கைதான இருவரில் ஒருவர் நவம்பர் மாதம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தபோது, பட்டாசு வெடித்து இனிப்புக் கொடுத்தவர்கள் நம் ஊரிலேயே உண்டு. மற்றவர் தூக்குத் தண்டனை பெற்று, அவருடைய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்தக் கோபத்தைப் பழிப்பது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. தூக்குத் தண்டனை மேல்முறையீட்டில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுபவர், எதைச் செய்கிறார், சட்டம் அவரை ஏன் கட்டாயமாக்குகிறது, அவர் இல்லாவிட்டால் வழக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

செஷன்ஸ் நீதிபதி எழுதுவது முடிவான தண்டனை அல்ல

பேனா முனையை உடைத்துவிட்டு நீதிபதி எழுந்து போவதைச் சினிமாவில் பார்த்துப் பழகியதால், அந்த நொடியிலேயே தண்டனை உறுதியாகிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சட்டப்படி செஷன்ஸ் நீதிமன்றம் (கொலை போன்ற பெருங்குற்றங்களை விசாரிக்கும் மாவட்ட அளவிலான நீதிமன்றம்) விதிக்கும் மரண தண்டனை, உயர் நீதிமன்றம் உறுதி செய்யும்வரை நிறைவேற்ற இயலாத ஒன்று. படிகள் இவை:

1. உறுதி செய்தல். கைதி மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும் செஷன்ஸ் நீதிமன்றம் வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 366ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 407ஆம் பிரிவு. சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கு ‘ரெஃபர்டு டிரையல்’ என்று பெயர், வழக்கறிஞர்கள் ஆர்.டி. என்பார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் வழக்குகள் சென்னைக்குப் போகும்; கரூர் வழக்கு மதுரைக் கிளைக்குப் போகும். குறைந்தது இரண்டு நீதிபதிகள் கையெழுத்திட்டால்தான் தண்டனை உறுதியாகும். சாட்சியத்தை அவர்கள் முதலிலிருந்து எடைபோட வேண்டும். தேவைப்பட்டால் கூடுதல் சாட்சியம் எடுக்கவும் உத்தரவிடலாம்.

2. உச்ச நீதிமன்றம். பெரும்பாலான வழக்குகள் அரசமைப்புச் சட்டத்தின் 136ஆம் உறுப்பின்படி சிறப்பு அனுமதி பெற்று அங்கே போகின்றன. செஷன்ஸில் விடுதலையான ஒருவருக்கு உயர் நீதிமன்றம் தூக்கு விதிப்பது போன்ற அரிய நிலைகளில்தான் மேல்முறையீடு நேரடி உரிமையாகும்.

3. சீராய்வு மனு. தன் தீர்ப்பைத் தானே மீண்டும் பார்க்கும்படி உச்ச நீதிமன்றத்தைக் கேட்பது. மற்ற வழக்குகளில் சீராய்வை நீதிபதிகள் தம் அறையிலேயே படித்து முடித்துவிடுவார்கள். தூக்கு வழக்கில் அப்படி முடியாது. மூன்று நீதிபதிகள் திறந்த நீதிமன்றத்தில் வாதம் கேட்க வேண்டும் என்று 2014 செப்டம்பர் 2 அன்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. வாதத்துக்கு அந்தத் தீர்ப்பு வகுத்த வரம்பு அரை மணி நேரம்.

4. கருணை மனு. ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும். புதிய சட்டத்தின் 472ஆம் பிரிவு இதற்குக் கெடு வைத்திருக்கிறது: மேல்முறையீடு தள்ளுபடியானதைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாள், ஆளுநர் மறுத்தால் குடியரசுத் தலைவரிடம் போக 60 நாள்.

இவையெல்லாம் முடியும்வரை அந்த மனிதர் சட்டத்தின் கண்ணில் ‘தூக்குக்கு உரியவர்’ ஆவதில்லை என்று 1978இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு வந்த மறுநாளே ஒருவரைத் தனிக் கொட்டடியில் பூட்டிவைக்க முடியாது என்பது அதன் விளைவு.

ஆக, மேல்முறையீடு கைதி கேட்டு வாங்கும் சலுகையல்ல. முதல் படி அரசே எடுத்து வைப்பது. அதில் எதிர்த்தரப்புக்குப் பேச ஆள் இல்லாவிட்டால், உறுதி செய்தல் என்ற சொல்லுக்குப் பொருளே இல்லாமல் போகும்.

கட்டைப் பிரித்தால்

மேல்முறையீட்டு வழக்கறிஞர் பொதுவாகப் புதிய சாட்சியைக் கூண்டில் ஏற்றுவதில்லை. அவர் முன் இருப்பது காகிதம் மட்டும்: முதல் தகவல் அறிக்கை, மகஜர்கள் (பொருளைக் கைப்பற்றியதையும் இடத்தைப் பார்வையிட்டதையும் சாட்சிகள் முன் எழுதிய பதிவுகள்), பிரேத விசாரணை அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலங்கள், குறுக்கு விசாரணை, தீர்ப்பு எல்லாம் சேர்த்துத் தட்டச்சு செய்த பல நூறு பக்கம். இந்த வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பது வெளியே தெரிவதில்லை என்பதால், கற்பனையாக ஒரு கட்டைப் பிரித்துப் பார்ப்போம்.

காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) தனியாக இருந்த முதியவர்கள் கொல்லப்பட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் தகவல் அறிக்கை காலை 7 மணிக்குப் பதிவானதாகச் சொல்கிறது. அதன் ஓரத்தில் மாஜிஸ்திரேட் பெற்றுக்கொண்ட நேரத்தை எழுதிக் கையெழுத்திட்டிருப்பார்: இரவு 9.40. ஸ்டேஷனிலிருந்து அவர் வீட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. நடுவில் போன பதினான்கு மணி நேரத்தில் புகார் மாற்றி எழுதப்பட்டதா? எழுதப்படாமலும் இருக்கலாம். ஆனால் அறிக்கையை எடுத்துச் சென்ற காவலரைக் கூண்டில் நிறுத்தி அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். கட்டைப் புரட்டினால், ‘குறுக்கு விசாரணை இல்லை’ என்று ஒற்றை வரி.

அடுத்தது வாக்குமூலம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகாது என்பதால், நம் பக்கத்து வழக்குகளில் அடிக்கடி ஒரு காட்சி வரும்: தேடப்படும் ஆள், முன்பின் பழக்கமில்லாத கிராம நிர்வாக அலுவலரின் அலுவலகத்துக்குத் தானே நடந்து வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார், விஏஓ அதை எழுதி, தலையாரியைச் சாட்சி வைத்து, ஆளையும் காகிதத்தையும் ஸ்டேஷனில் ஒப்படைப்பார். உண்மையாகவும் இருக்கக்கூடும். ஆனால் முகம் தெரியாதவரிடம் ஒருவர் ஏன் உயிர் போகிற ரகசியத்தைச் சொல்ல வேண்டும் என்று நீதிமன்றங்கள் கேட்டபடியேதான் இருக்கின்றன.

பிறகு, ரத்தம் தோய்ந்த அரிவாள். அதைக் கைப்பற்றிய மகஜரில் ஒரு தேதி. பொருளை நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவம் 95இல் நீதிமன்ற முத்திரையின் தேதி மூன்று வாரம் தள்ளி. அத்தனை நாள் அரிவாள் எங்கே இருந்தது, யார் கையில், முத்திரையிட்டா, இடாமலா? தடயவியல் அறிக்கையோ, ‘மனித ரத்தம், வகை கண்டறிய இயலவில்லை’ என்கிறது. அப்படியானால் அந்த அரிவாள் இந்தக் கொலையோடு சேர்வது எந்தக் கண்ணியால்?

நேரில் பார்த்த சாட்சி இல்லாத வழக்கில் சந்தர்ப்ப சாட்சியங்களின் சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும் என்பது சட்டம். சாளை வழக்கில் வழக்கறிஞர் செய்ததெல்லாம், ஒவ்வொரு கண்ணியையும் விரலால் தொட்டுப் பார்த்தது. ‘இவர் நல்லவர்’ என்று எங்கும் அவர் சொல்லவில்லை. முகலிவாக்கம் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சங்கிலி முழுமையாகவில்லை என்றுதான் கண்டது. அதைவிட முக்கியமான ஒன்றையும் பதிவு செய்தது: குற்றச்சாட்டு வனையப்பட்டபோது அவருக்கு வழக்கறிஞரே இல்லை, சட்ட உதவி வழக்கறிஞர் அமர்த்தப்பட்ட சில நாள்களுக்குள் சாட்சி விசாரணை தொடங்கிவிட்டது.

தூக்கு வழக்குகளைத் தொடர்ந்து படிப்பவருக்கு இது திரும்பத் திரும்பக் கண்ணில் படும். மேல்முறையீட்டில் மூத்த வழக்கறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் தேடுவது, விசாரணை நீதிமன்றத்தில் முதல் சில வாரங்களில் யாரும் கேட்காமல் விட்ட கேள்விகளைத்தான். கொலைக்கான ஆத்திரம் உச்சத்தில் இருக்கும் அதே வாரங்களில்தான் பெயருக்கு ஒரு வழக்கறிஞர் அமர்த்தப்படுகிறார். 2019 டிசம்பரில் மத்தியப் பிரதேச வழக்கொன்றில், அமர்த்தப்பட்ட நாளிலேயே வழக்கறிஞர் விசாரணையை எதிர்கொள்ள நேர்ந்ததைக் கண்ட உச்ச நீதிமன்றம், தண்டனையை நீக்கி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. ஆயுள் அல்லது மரண தண்டனைக்கு இடமுள்ள வழக்குகளில் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் உள்ளவரையே நீதிமன்றம் அமர்த்த வேண்டும், தயாராவதற்குப் பொதுவாகக் குறைந்தது 7 நாள் தர வேண்டும் என்ற நெறி அந்தத் தீர்ப்பில் பிறந்தது. ஓர் உயிருக்கு ஏழு நாள். அதுவும்கூட அதற்கு முன் எழுத்தில் இல்லை.

செய்தாரா என்பது ஒன்று, தூக்கா என்பது வேறொன்று

குற்றம் நிரூபணமானாலும் வழக்கறிஞரின் வேலை முடிவதில்லை, பாதிதான் முடிகிறது. கொலைக்கு ஆயுள் தண்டனை பொது விதி, தூக்கு விதிவிலக்கு. விதிவிலக்குக்குச் ‘சிறப்புக் காரணங்கள்’ எழுதியாக வேண்டும். 1980இல் பச்சன் சிங் வழக்கில் ‘அரிதினும் அரிதான’ என்ற அளவுகோல் வந்தது. இந்தச் சொற்றொடரைச் செய்தித்தாள்கள் கொடூரத்தின் அளவு என்று பொருள்படும்படி எழுதுகின்றன. தீர்ப்பு கேட்பது இரண்டு: குற்றம் எப்படிப்பட்டது என்பதோடு, குற்றவாளி எப்படிப்பட்டவர், திருந்தவே வழியில்லாதவரா என்பதும். அந்த இரண்டாவது கேள்விக்கான விடையை நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டியவர் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்.

நம் பகுதியோடு தொடர்புள்ள மூன்று வழக்குகள் இதன் எடையைக் காட்டும்.

1. தருமபுரி பஸ் எரிப்பு. 2000 பிப்ரவரி 2 அன்று கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் பஸ்ஸுக்குள் எரிந்து இறந்தார்கள். சேலம் நீதிமன்றம் 2007இல் மூவருக்குத் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றமும், 2010இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தன. எல்லாம் முடிந்தது என்று ஊர் நினைத்தது. திறந்த நீதிமன்றச் சீராய்வு என்ற வழி வந்த பிறகு, 2016 மார்ச் 11 அன்று மூன்று நீதிபதிகள், இது முன்திட்டமில்லாமல் கும்பல் வெறியில் நிகழ்ந்தது என்று கருதி ஆயுளாகக் குறைத்தார்கள். குற்றம் செய்யவில்லை என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. 2018 நவம்பரில் மூவரையும் முன்கூட்டி விடுவித்தது அரசின் முடிவு. அதை வழக்கறிஞர் கணக்கிலோ நீதிமன்றக் கணக்கிலோ எழுதுவது பிழை.

2. உடுமலைப்பேட்டை ஆணவக் கொலை. 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் நடந்த கொலைக்கு, 2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூன் 22 அன்று உயர் நீதிமன்றம், சதி நிரூபிக்கப்படவில்லை என்று, கொல்லப்பட்டவரின் மனைவியுடைய தந்தையை விடுவித்து, மற்ற ஐவருக்கும் 25 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை என்று மாற்றியது. கேமராவில் பதிந்த வெட்டு ஒரு கேள்வி. அதை ஏவியவர் யார் என்பது வேறு கேள்வி. முதலாவதற்குச் சாட்சி இருந்தது, இரண்டாவதற்கு இருந்தது போதவில்லை என்பது உயர் நீதிமன்றத்தின் முடிவு. அதில் எனக்கு உடன்பாடில்லாதவை உண்டு. ஆனாலும் இரண்டையும் பிரித்துப் பார்த்த முறையில் தவறு காண முடியவில்லை.

3. கோவைச் சிறார் கொலை. 2019 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது, ஆனால் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில். குற்றவாளி என்பதில் மூவரும் ஒருமித்தனர். மாஜிஸ்திரேட்டிடம் தந்த வாக்குமூலத்தை அவர் பின்னால் மறுத்ததை, வருத்தமின்மைக்கு அடையாளமாகப் பெரும்பான்மை படித்தது. மாறுபட்ட நீதிபதியோ, அரிதினும் அரிது என்ற எல்லையை இது எட்டவில்லை, தண்டனைக் குறைப்பு இல்லாத ஆயுள் போதும் என்றார். 2019 நவம்பர் 7 அன்று சீராய்வும் தள்ளுபடியானது. ஒரே காகிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு வாசிப்புகள். நடுவே ஓர் உயிர்.

‘ஆஜராக மாட்டோம்’ என்ற தீர்மானம்

கொடிய வழக்கு வந்ததும் வழக்கறிஞர் சங்கங்கள் கூடி, குற்றம் சாட்டப்பட்டவருக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம் போடுவது நாடெங்கும் நடந்திருக்கிறது. இது செல்லாது என்ற புகழ்பெற்ற தீர்ப்பு கோவையிலிருந்தே பிறந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வழக்கறிஞர்களுக்கும் போலீஸாருக்கும் இடையே நடந்த மோதலுக்குப் பிறகு, குற்றம் சாட்டப்பட்ட போலீஸாருக்காக உறுப்பினர் எவரும் வாதாடக் கூடாது என்று கோவைச் சங்கம் தீர்மானித்தது. ஏ.எஸ். முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில், 2010 டிசம்பர் 6 அன்று, நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு அடங்கிய அமர்வு, நாட்டில் இத்தகைய தீர்மானங்கள் அனைத்துமே சட்டத்துக்கும் தொழில் அறத்துக்கும் புறம்பானவை, செல்லாதவை என்றது. கோவைச் சிறார் கொலை நடந்து அப்போது ஆறு வாரம்கூட ஆகவில்லை.

பார் கவுன்சில் விதியும் இதையே சொல்கிறது: குற்றம் செய்தாரா என்பது பற்றித் தன் சொந்தக் கருத்து எதுவாக இருந்தாலும் வழக்கறிஞர் வாதாட வேண்டும். விதிகளும் சட்டமும் சேர்ந்து வேலியும் போட்டிருக்கின்றன. பொய்ச் சாட்சியத்தைத் தெரிந்தே வைக்கக் கூடாது. கட்சிக்காரர் அந்தரங்கமாகச் சொன்னதை வெளியே சொல்லவும் கூடாது. இந்த இரண்டு வேலிகளுக்கும் நடுவே அவர் நிற்கிறார். எதிரே, அவரைத் தெருவில் முறைத்துப் பார்க்கும் ஊர்.

யாரும் ஆஜராகாமல் போனால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நியாயம் விரைவாகக் கிடைக்குமா? முகலிவாக்கம் வழக்கைத் திரும்பப் பாருங்கள். அவசரமாக முடித்த விசாரணை ஏழு ஆண்டுகள் கழித்து அதே அவசரத்தின் எடையையும் சேர்த்துச் சுமந்து சரிந்தது. முதல் நாளிலேயே திறமையான எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இருந்திருந்தால், போலீஸின் ஓட்டைகள் அப்போதே தெரிந்திருக்கும், அடைக்கக்கூடியவற்றை அடைத்திருக்கலாம். பிள்ளையை இழந்த பெற்றோருக்கு ஏழாம் ஆண்டில் கிடைத்த விடுதலைத் தீர்ப்பைவிட அது கொடுமையாக இருந்திருக்காது.

இழுத்தடிப்பு

‘சட்டத்தின் சந்துபொந்துகளில் புகுந்து இழுக்கிறார்கள்’ என்ற குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. டெல்லி நிர்பயா வழக்கில் 2020 ஜனவரி 22, பிப்ரவரி 1, மார்ச் 3 என்று மூன்று தேதிகள் தள்ளிப்போய், மார்ச் 20 அன்றுதான் நால்வரும் தூக்கிலிடப்பட்டார்கள். ஒருவர் மனு முடிந்ததும் இன்னொருவர் மனு என்று வரிசையாக வந்தவை நீதிமன்றத்தையே சலிப்படைய வைத்தன.

ஆனால் தாமதத்தின் பெரும்பங்கு பல வழக்குகளில் அரசின் மேசையில்தான் கிடந்திருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மூவரின் கருணை மனு முடிவாக 11 ஆண்டுகள் ஆனதால் 2014 பிப்ரவரி 18 அன்று அவர்கள் தண்டனை ஆயுளானது. அதற்கு ஒரு மாதம் முன்பு, காரணமின்றிக் கருணை மனுவைத் தேக்கி வைப்பதே தண்டனையைக் குறைக்கப் போதுமானது என்றும், மறுப்பைத் தெரிவித்த பின் 14 நாள் இடைவெளி விட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் வகுத்திருந்தது.

தாமதமே எப்போதும் இயல்பு என்றும் எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டவர் ஆட்டோ சங்கர். இடம் சேலம் மத்தியச் சிறை, நாள் 1995 ஏப்ரல் 27. 1991இல் தண்டனை விதிக்கப்பட்டு நான்கு ஆண்டு நிறையுமுன் எல்லாப் படிகளும் முடிந்திருந்தன. கொங்குச் சிறைச் சுவருக்குள் நடந்த அந்தக் காலைக்குப் பிறகு, இந்த மாநிலத்தில் தூக்குக் கயிறு பயன்படவில்லை.

இப்போது திறந்திருக்கும் வாசல்

2022 மே 20 அன்று மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய குறையைத் தொட்டது. கைதி எப்படிப்பட்டவர் என்று தீர்மானிக்க வேண்டிய நீதிமன்றத்தின் முன் அவரைப் பற்றி ஒரு காகிதமும் இருப்பதில்லை. ‘வயது இத்தனை, வயதான தாய் இருக்கிறார்’ என்று நான்கு வரியோடு தண்டனை விசாரணை முடிந்துவிடும். இனி உளவியல் மதிப்பீடு, நன்னடத்தை அலுவலர் அறிக்கை, சிறை நடத்தைப் பதிவு ஆகியவை விசாரணை நீதிமன்றத்திலேயே வர வேண்டும் என்றது தீர்ப்பு. 2025 ஆகஸ்ட் 25 அன்று இன்னொரு படி: மனோஜ் தீர்ப்பு வகுத்த பாதுகாப்புகள் கிடைக்காமல் முடிந்துபோன தூக்கு வழக்குகளிலும், தண்டனையை மட்டும் மீண்டும் பரிசீலிக்கக் கோரி, அடிப்படை உரிமை மீறலுக்கு உச்ச நீதிமன்றத்தை நேரடியாக நாட வழிவிடும் அரசமைப்பின் 32ஆம் உறுப்பின் கீழ் வரலாம் என்று அனுமதித்தது. எல்லோருக்கும் தானாகத் திறக்கும் கதவல்ல இது; உரிமை மீறல் தெளிவாக இருந்தால் மட்டும்.

இதனால் வழக்கறிஞரின் வேலை நீதிமன்ற வராந்தாவிலிருந்து ஊருக்குள் இறங்கியிருக்கிறது. கைதி எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டதற்கான மாற்றுச் சான்றிதழ், சிறுவயதில் தலையில் அடிபட்டு அரசு மருத்துவமனையில் கிடந்ததன் சீட்டு, சாயப்பட்டறையில் கூலிக்குப் போன வருடங்கள், சிறையில் எழுதிய தேர்வு ஆகியவற்றை யாராவது பஸ் ஏறிப் போய்க் கேட்டு வாங்க வேண்டும். கேட்கப் போகிறவரிடம் பக்கத்து வீட்டுக்காரர் முதலில் கேட்பது, ‘அவனுக்காகவா வந்தீங்க?’ என்பதாகத்தான் இருக்கும். பழைய பள்ளிக்கூடத்தின் சேர்க்கைப் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தேடி எடுத்து, தலைமையாசிரியரிடம் முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பும் இளம் வழக்கறிஞரின் கையில் இருக்கும் அந்த ஒரு தாள், கட்டில் இதுவரை இல்லாத பக்கம்.